நாள் குறிக்க முடியாத காயங்கள்

நோய் தீர்க்க வருகிறவன் முதலில் நோய் இன்னதென்று தெளிய வேண்டும்; பிறகு அது எதனால் வந்தது என்று தேட வேண்டும்; அதன் பின்னரே அதைத் தணிக்கும் வழியைக் காண வேண்டும் என்று வள்ளுவப் பெருந்தகை மருந்து அதிகாரத்தில் முறை வகுத்துக் காட்டுகிறார். மருத்துவனுக்குச் சொன்ன இம்முறை இலக்கியத் திறனாய்வுக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம். கதையில் வரும் ஒருவன் இருமுகிறான் என்றால், அந்த இருமலை மட்டும் காட்டி நம் கண்ணீரைப் பெறுகிற ஆசிரியர் உண்டு. அந்த இருமல் எந்த ஆலையில், எந்தத் தூசியில் தொடங்கியது என்பதைத் தேடிச் செல்லும் ஆசிரியரும் உண்டு. இவ்விருவரையும் வேறுபடுத்திக் காண்பது திறனாய்வின் கடமை.

தமிழ்ப் புனைகதை தோன்றி வளர்ந்த காலம் முழுவதும் உழைத்து உடல் கெட்டவர்கள் அதன் பக்கங்களில் நடமாடி வந்திருக்கிறார்கள். வண்டியோட்டி, அச்சுத் தொழிலாளி, தேயிலைக் கூலி, உப்பளத்துப் பெண், தோல் பதனிடுபவன், தீப்பெட்டிச் சிறுமி என்று பட்டியல் நீளும். ஆயினும் அவர்களைப் பற்றி எழுதியபோது நாம் கற்பைப் பற்றி எழுதினோம்; வறுமையைப் பற்றி எழுதினோம்; வர்க்கப் போராட்டத்தைப் பற்றியும் எழுதினோம். அவர்களுடைய உடலில் பட்ட காயத்தைப் பற்றி எழுதியது குறைவே. அக்குறையைச் சிறிதளவேனும் நீக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டியோட்டிக்குப் பட்ட அடி

புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ 1934-இல் மணிக்கொடியில் வெளிவந்த சிறுகதை. அதைப் படியாத தமிழ் மாணவர் இருக்கமாட்டார். கணவனுக்குப் பால் கஞ்சி வேண்டும் என்பதற்காக அம்மாளு இருட்டுச் சந்தில் ஒருவனோடு ஒதுங்கி முக்கால் ரூபாய் சம்பாதித்து வருகிறாள். கற்பைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர்களை நோக்கி ஆசிரியர் இறுதியில் வீசும் ஏளனம் இன்றும் சுடுகிறது. அந்த ஏளனமே நம் கவனம் முழுவதையும் ஈர்த்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக அம்மாளு செய்தது சரியா தவறா என்று பட்டிமன்றம் நடத்திவிட்டோம்.

ஆனால் பால் கஞ்சி ஏன் தேவைப்பட்டது? அம்மாளுவின் கணவன் முருகேசன் ஜட்கா ஓட்டுகிறவன். வண்டி சாய்ந்து அவனுக்கு உள்ளடி. குதிரைக்கும் பலத்த காயம். பிழைப்புக்கு ஆதாரமான மனிதனும் விலங்கும் ஒரே பொழுதில் விழுந்துவிட்டார்கள். அம்மாளு மில்லில் கூலி. அவளுக்குக் கூலி கிடைக்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. வண்டியோ முருகேசனின் சொந்த வண்டி. எனவே இழப்பீடு கேட்க அவனுக்கு ஒரு முதலாளியும் இல்லை. இச்செய்திகளைப் புதுமைப்பித்தன் சில வரிகளில், அழுத்தம் கொடுக்காமல் சொல்லிச் செல்கிறார். அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ‘பொன்னகரம்’ தொழில் செய்யும் இடத்தில் பட்ட காயத்தின் கதை என்பது விளங்கும். காயத்துக்கும் கூலி நாளுக்கும் இடையே உள்ள இரண்டு நாள் இடைவெளியில்தான் அந்தச் சந்து இருக்கிறது.

முருகேசன் குடித்துவிட்டுப் பந்தயம் விட்டவன் என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை. அடிபட்டவன் உத்தமனாக இருந்தால்தான் இரங்குவோம் என்று பிடிவாதம் பிடிக்கும் வாசகனுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. இது கதையின் பெருமைகளுள் ஒன்று.

மிதித்த காலும் கிழிந்த உள்ளுடலும்

‘பொன்னகரம்’ காட்டுவது விபத்து. ஒரு மாலைப்பொழுதில் நடந்தது; பலர் கண்டது. ஜெயகாந்தனின் ‘டிரெடில்’ அடுத்த படிக்குச் செல்கிறது.

விநாயகமூர்த்தி ஒரு சிறிய அச்சகத்தில் சகல வேலைகளையும் செய்யும் தொழிலாளி. காலால் மிதித்து இயக்கும் அச்சு இயந்திரமே அவனுடைய உலகம். ஆண்டுக் கணக்காக அதை மிதித்தவனுக்கு, திருமணம் நிச்சயமாகியிருக்கும் வேளையில் குடலிறக்கம் கண்டு அறுவை நடக்கிறது. இனி இல்லறம் உனக்கு இல்லை என்று மருத்துவர் சொல்லிவிடுகிறார். அச்சகத் தொழிலை உள்ளிருந்து அறிந்த ஆசிரியர் ஆதலால், கதையில் இயந்திரத்தின் ஓசையும் மனிதனின் மூச்சும் பிரிக்க முடியாதபடி கலந்து வருகின்றன.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அவன் வலியால் துடித்த நாள் இன்னதென்று சொல்லலாம். ஆனால் அவன் வயிறு எந்த நாளில் கிழியத் தொடங்கியது? முதல் ஆயிரம் மிதியிலா, பத்தாயிரமாவது மிதியிலா? யாரும் சொல்ல முடியாது. இயந்திரத்தில் ஓர் உறுப்பு தேய்ந்தால் வேறொன்று வாங்கிப் பொருத்தலாம் என்பதும் மனிதனுக்கு அந்த வசதி இல்லை என்பதும் கதையைப் படித்து முடித்தபின் நமக்குத் தோன்றும் எண்ணங்கள். கதை இழப்பு முழுவதையும் ‘திருமணம்’ என்னும் ஒரு புள்ளியில் குவிக்கிறது. இதனால் கதை சற்று உணர்ச்சி வசப்படுகிறது என்று குறை சொல்லலாம். எனினும் ஒரு தொழிலாளியின் உடல், வேலை நேரம் முடிந்த பிறகும் அவனுடைய வாழ்வுக்கு வேண்டியது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன சிறுகதை தமிழில் அரிது.

சட்டம் கேட்கும் நாள்

இவ்விடத்தில் சட்டத்தின் பக்கம் சிறிது திரும்புவது பயன் தரும். அலுவலகக் கோப்புகளிடையே காலம் கழிக்கும் எனக்கு அந்த மொழி பழக்கமானது.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நம் நாட்டில் தொழிலாளருக்குக் கிடைத்த முதற் பாதுகாப்புகளுள் ஒன்று. அதன் அட்டவணை உடலுறுப்புக்கு விழுக்காடு குறித்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு. சுட்டுவிரல் முழுதும் போனால் 14. மோதிர விரலோ சுண்டு விரலோ போனால் 7. ஏகலைவனின் கட்டைவிரலுக்கு விலையே இல்லை என்று பாரதக் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இந்த எண்கள் கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் எண்ணே இல்லாத காலத்தைவிட எண் உள்ள காலம் மேல் என்பதை மறுப்பதற்கில்லை.

நோய் விஷயத்தில்தான் சட்டம் தயங்கியது. ஈயநஞ்சு போன்ற சில தொழில்நோய்களைப் பட்டியலிட்டு அவற்றுக்கு இழப்பீடு உண்டு என்றது. பட்டியலில் இல்லாத நோயானால், அது பணியின்போது நேர்ந்த ஒரு குறிப்பிட்ட விபத்துக் காயத்தால் நேரடியாக வந்தது என்று காட்டினாலன்றி இழப்பீடு இல்லை என்பது அதன் விதி. அதாவது, நோயும் ஒரு நாளைக் காட்ட வேண்டும்!

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இப்பகுதிக்குப் பிழைக்க வந்து, ஒரு தொழிற்சாலையில் தூள் அள்ளிச் சாக்கில் நிரப்பும் வேலையை இருபத்தாறு ஆண்டுகள் செய்தவர். இறுதியில் மாடிப்படி நான்கு ஏறினால் மூச்சு முட்டும் நிலைக்கு வந்தார். நான் பி.ஏ. முடித்துவிட்டு வேலைத் தேர்வுகள் எழுதிக்கொண்டிருந்த காலம். அவருக்காக ஒரு விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன். காயம் நேர்ந்த நாளும் நேரமும் என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவோடு நான் விழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, “என்னைக்குன்னு எழுதுவ, ஐயா? வேலைக்குச் சேர்ந்த அன்னைக்குன்னு எழுது” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அவர் மயங்கி விழுந்த ஒரு நாளை எழுதினேன். விண்ணப்பம் திரும்பி வந்தது. அது உண்மையான நாள் அன்று என்பது எனக்கும் தெரியும்.

அந்தக் கட்டத்தில் எழுத முடியாததை எங்கே எழுதுவது? நாவலில் எழுதலாம் என்பதே நான் கண்ட விடை. சிறுகதை ஒரு நாளைப் பிடித்து நிறுத்தும் கலை. நாவலோ ஆண்டுகளைச் சுமக்க வல்லது. விபத்துக்குச் சிறுகதை போதும். மெல்லக் கொல்லும் நோய்க்கு நாவல் வேண்டும். இந்த அளவுகோலை வைத்துச் சில நாவல்களைப் பார்ப்போம்.

மலை, அளம், குழி, ஆலை

சாலக்குடி வழியாக அதிரப்பள்ளி கடந்து மலையேறினால் வால்பாறைக்குச் சென்றுவிடலாம். நம்மில் பலர் குடும்பத்தோடு சென்று தேயிலைத் தோட்டங்களின் பசுமையைக் கண்டு மகிழ்ந்திருக்கிறோம். அந்தப் பசுமையின் அடியில் உள்ளதைக் காட்டும் நூல் பி. எச். டேனியலின் ‘ரெட் டீ’. 1969-இல் ஆங்கிலத்தில் வந்த அந்நாவலை இரா. முருகவேள் 2007-இல் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். டேனியல் அம்மலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்தவர். தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தவர்களுள் ஒருவர்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி மலையேறும் கருப்பனும் வள்ளியும் குளிரிலும் அட்டைக் கடியிலும் மலேரியாவிலும் படும் பாடு நாவலின் பொருள். கொசு கடித்தது, காய்ச்சல் வந்தது, மனிதன் செத்தான் என்று டேனியல் நிறுத்தவில்லை. ஒழுகும் லயங்கள், தீராத முன்பணக் கடன், மருத்துவம் என்ற பெயரில் நடக்கும் ஏமாற்று ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி, நோயின் வேர் கணக்குப் புத்தகத்தில் இருப்பதை நிறுவுகிறார். வள்ளுவர் சொன்ன முறையில் நோயையும் காரணத்தையும் மட்டுமன்றி, நல்ல மருத்துவர் ஒருவரின் வருகை வழியாகத் தணிக்கும் வழியையும் காட்டிய நாவல் இது. மருத்துவர் வரும் பகுதியில் கதை அறிக்கை போல் ஆகிவிடுவது உண்டு. ஆனால் அறிக்கையை எழுதும் கை நோயாளியின் நாடியைப் பிடித்த கை என்பதால் அதைப் பொறுத்துக்கொள்ள முடிகிறது.

ராஜம் கிருஷ்ணன் களத்துக்குச் சென்று மக்களோடு பழகி எழுதுவதையே தம் முறையாகக் கொண்டவர். 1979-இல் வந்த ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றியது. வெயிலில் வெள்ளையாய்க் கண்ணைக் கூசச் செய்யும் பாத்திகள். உப்பு நீரில் ஊறிப் புண்ணாகும் பாதங்கள். மெல்ல மங்கும் பார்வை. இவை அளத்தில் வேலை செய்கிறவர்களின் அன்றாடம். பொன்னாச்சி போன்ற பெண்களுக்கு அளத்தில் உடலுழைப்பின் துன்பத்தோடு மேலிடத்து ஆண்களின் கண்ணும் கையும் வேறு துன்பம். இவ்விரண்டையும் ஒரே வேலைச் சூழலின் இரு காயங்களாக ஆசிரியர் காண்பது முக்கியமானது. அதை நம் திறனாய்வாளர்கள் போதிய அளவு பாராட்டவில்லை. நாவலின் மாந்தர் சில இடங்களில் மேடையில் நின்று பேசுவது போலப் பேசுவது அதன் குறை.

டி. செல்வராஜின் ‘தோல்’ 2010-இல் வெளிவந்து 2012-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. திண்டுக்கல் தோல் பதனிடும் ஆலைகளில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி நிற்கும் மனிதரின் வாழ்வு அதில் விரிகிறது. மாட்டின் தோல் பதமாகப் பதமாக மனிதனின் தோல் வெந்து புண்ணாகிறது. நூலின் தலைப்பே இரண்டையும் குறிக்கிறது. சாதியும் கடனும் சேர்ந்துதான் குறிப்பிட்ட மக்களை அந்தக் குழிக்குள் தள்ளின என்னும் உண்மையைச் செல்வராஜ் அழுத்தமாகச் சொல்கிறார். சங்கம் கட்டும் வரலாறு விரிய விரியப் புண்பட்ட உடல் சற்றே பின்னே போய்விடுகிறது என்பது என் மனக்குறை. வெற்றி பெற்ற ஊர்வலத்தில் நடப்பவனின் கால் ஆறிவிட்டதா என்று கேட்கத் தோன்றுகிறது.

சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் உழைத்த கொடுமையை ராஜம் கிருஷ்ணன் ‘கூட்டுக் குஞ்சுகள்’ நாவலிலும், எழுத்தாளர் பூமணி தாம் இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ திரைப்படத்திலும் காட்டினர். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகில் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். நாடே அதைப் பேசியது. அது நாள் குறித்த மரணம். ஆனால் கட்டை அடுக்கியே விரல் மரத்த சிறுமியைப் பற்றி எந்த நாளிதழ் எந்த நாளில் எழுதும்? இந்நாவலும் திரைப்படமும் செய்தித்தாள் செய்ய முடியாத அந்தப் பணியைச் செய்தன.

நம்மைப் பற்றி மலையாளம் எழுதிய நாவல்

இதுவரை தமிழ்நாட்டு நிலத்தைப் பார்த்தோம். கேரளத்தில் வாழும் தமிழர் கட்டாயம் படிக்க வேண்டிய நாவலை ஒரு மலையாளியே எழுதினார். தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-இல் எழுதிய ‘தோட்டியின் மகன்’ அது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கும் வந்தது.

கதை நடக்குமிடம் களமசேரியிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தெற்கே உள்ள ஆலப்புழை. நகரின் மலத்தைச் சுமந்த இசக்கிமுத்து, அவன் மகன் சுடலைமுத்து, பேரன் மோகனன். முதல் இரு பெயர்களுமே ஊரைச் சொல்லிவிடும். மூன்றாவது பெயரோ தகப்பனின் ஆசையைச் சொல்லும். தன் மகன் தோட்டியாகக் கூடாது என்பதே சுடலைமுத்துவின் ஒரே கனவு. அதற்காகக் காசு சேர்க்கிறான். உடன் உழைப்பவர்களைக் காட்டிக்கொடுக்கவும் துணிகிறான். நகராட்சித் தலைவரோ அவன் நம்பிக் கொடுத்த சேமிப்பை ஏய்த்துவிடுகிறார். கொள்ளை நோய் வருகிறது. ஊரெல்லாம் அஞ்சும் நோயைத் தோட்டி தன் தொழில் காரணமாகவே முதலில் சந்திக்கிறான். காலரா அந்தக் குடும்பத்தின் கனவை விழுங்கிவிடுகிறது. தந்தை யாரைத் தோட்டியாக்கக் கூடாது என்று பாடுபட்டானோ அந்த மகனின் கைக்கே வாளி வந்து சேர்கிறது.

இந்நாவலில் நோய் விதியாக வரவில்லை; வேலையின் பகுதியாக வருகிறது. வாளி தலைமுறை தாண்டுவது போல நோயும் தலைமுறை தாண்டுகிறது. காயத்துக்கு ஒரு நாளைக் குறிக்கச் சொல்லும் சட்டத்துக்கு முன், மூன்று தலைமுறையை அப்படியே நிறுத்திக் காட்டுகிறார் தகழி. நான் மேலே சொன்ன அளவுகோலில் இதுவே தலைசிறந்தது என்று துணிந்து கூறுவேன். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் வந்த பின்னும் சாக்கடைக் குழிகளில் மனிதர் இறந்துகொண்டிருப்பதால் நாவலின் தேவை தீர்ந்துவிடவில்லை.

மட்டாஞ்சேரித் துறைமுகத் தொழிலாளருக்கும் இத்தகைய ஒரு நினைவு நூல் உண்டு. அன்று வேலை கிடைக்க வேண்டுமானால், கங்காணி கூட்டத்தில் எறியும் ‘சாப்பா’ என்னும் வில்லையை முட்டி மோதிப் பிடிக்க வேண்டும். மூட்டை முதுகில் ஏறுவதற்கு முன்பே அடி விழுந்துவிடும் என்பது இதன் பொருள். அம்முறையை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. கே. எம். சிதம்பரன் அதை நாடகமாக்கினார். 2023-இல் ராஜீவ் ரவியின் ‘துறமுகம்’ திரைப்படமாகவும் அது மறுபிறவி எடுத்தது. ஆனால் ஃபோர்ட் கொச்சி வெளியில் உள்ள தோபி கானாவில் தலைமுறைகளாக நீரில் நின்று துவைத்த தமிழரைப் பற்றியோ, வாத்துருத்தியில் குடியேறிச் சுமை தூக்கியும் சாந்து குழைத்தும் இந்நகரைக் கட்டிய தமிழரைப் பற்றியோ அத்தகைய ஒரு பெருநாவல் நம் கையில் இன்னும் வந்து சேரவில்லை.

நாம் எழுத வேண்டியது

2022 மார்ச் 18 அன்று நம் களமசேரியில், மின்னணு நகரக் கட்டுமான இடத்தில் மண் சரிந்து நான்கு தொழிலாளர் புதையுண்டு இறந்தனர். நால்வரும் மேற்கு வங்கத்தார். செய்தியைப் படித்தபோது என் மனம் ஒரு கணக்குப் போட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே மண்ணில் குழி தோண்டியிருந்தால் அந்த நால்வரும் தமிழராக இருந்திருப்பர். குழி அப்படியே இருக்கிறது. அதில் இறங்குகிறவரின் மொழி மட்டும் மாறியிருக்கிறது. நம் பிள்ளைகள் படித்து மேலேறிவிட்டார்கள் என்று மகிழும் நாம், நம் இடத்தில் இப்போது யார் நிற்கிறார் என்று குனிந்து பார்க்க வேண்டாமா?

மலையாளியான தகழி தமிழனின் வாளியைத் தம் கதையில் சுமந்தார். அந்தக் கடனை நாம் எப்படித் திருப்பப் போகிறோம்? நம் தந்தையரின் மூச்சுத்திணறலை முதலில் நாம் எழுத வேண்டும். அதன்பின் வங்காளத்துத் தொழிலாளியின் இருமலையும் நாம் எழுத வேண்டும்; அவன் பக்கத்து வீட்டில் வாழ்பவர்கள் நாம்தாமே! அவ்வாறு எழுதும்போது இருமலைக் காட்டியதோடு நில்லாமல், அதன் காரணத்தையும் தேடிச் செல்ல வேண்டும்.

நம் சங்க உறுப்பினர் இல்லங்களில் ஓய்வு பெற்ற முதியோர் பலர் இருக்கின்றனர். எந்த ஆலையில், எந்த வேலையில், எத்தனை ஆண்டு இருந்தார்கள். உடலில் எது முதலில் தளர்ந்தது என்று இளைஞர்கள் கேட்டு எழுதிவைப்பார்களானால், நாளைக்கு ஒரு நாவலாசிரியனுக்கு அதுவே அடிப்படை ஆகும். என் தந்தையாரிடம் நான் கேட்டு எழுதத் தவறிவிட்டேன். அந்த விண்ணப்பத்தின் கட்டத்தில் அவர் சொன்ன நாளைத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. சட்டம் அதை ஏற்றிருக்காது. ஆயினும் அந்தத் தாளில் உள்ள விடைகளுள் உண்மையானது அது ஒன்றாகவே இருந்திருக்கும்.